மூன்றாம் வருட நேர்த்தியும் மரத்துப்போன சுண்டு விரலும்

வாசகர் கடிதம்:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்கு வயது 54, செம்பனை ஆலையில் வேலை. இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து 11 வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் மகள் டிங்கி காய்ச்சலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் மூன்று வருடம் தீமிதிக்கிறேன் என்று அவர் அம்மனிடம் வேண்டிக்கொண்டார். இரண்டு வருடம் முடிந்தது, ஒன்றும் ஆகவில்லை. போன வருடம் மட்டும் சுண்டு விரல் ஓரம் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. அது அவருக்கே தெரியவில்லை. துணி துவைக்கும்போது காலுறையில் கறையைப் பார்த்து நான்தான் சொன்னேன். இன்னும் ஆறு வாரத்தில் திருவிழா. காப்பு கட்டிய பிறகு மாத்திரை தொடமாட்டேன், மாத்திரை போட்டால் அம்மன் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் என்கிறார். மெட்ரிகுலேஷன் படிக்கும் மகனோ தீமிதி வெறும் பௌதிகம், சாமியும் இல்லை ஒன்றும் இல்லை என்கிறான். வீட்டில் தினமும் சண்டை. சாமி நம்பிக்கையும் அறிவியலும் ஒத்துப்போகுமா, இல்லை ஒன்றை விட்டால்தான் மற்றதா? இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

பதில்:

சகோதரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி. கொப்புளம் வந்து, உடைந்து, காலுறையில் கறை படிந்து, நீங்கள் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உணர்ச்சி சரியாக இருக்கும் காலில் சுண்டு விரல் ஓரம் கொப்புளம் வந்தால் செருப்புக்கூடப் போடமுடியாது. ஆலைக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் வந்தவருக்கு அது உறைக்கவே இல்லை என்றால், 11 வருட இனிப்பு நீர் அவருடைய கால் நரம்புகளைத் தொட்டுவிட்டது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. சாமியைப் பற்றிய பேச்சு அப்புறம் இருக்கட்டும். முதலில் காலைப் பார்த்துவிடுவோம்.

இன்று இரவே வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லை, கருவி வேண்டாம். அவரைப் படுக்க வைத்து, காலுறையைக் கழற்றி, கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் விரல் நுனியை இலேசாகத் தொட்டு, ஒன்று இரண்டு நொடி வைத்திருந்து எடுங்கள். வலது கால் பெருவிரல், வலது சுண்டு விரல், இடது பெருவிரல், இடது சுண்டு விரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று ஆறு இடம். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. தெரியவில்லை என்றால் அதே விரலை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. பாவம் என்று பலர் இரண்டாவது தடவை கொஞ்சம் அழுத்தித் தொடுவார்கள். சோதனை கெடுவது அங்கேதான். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்த வாரமே கிளினிக்குப் போக வேண்டும்.

ஆறும் தெரிந்தாலும் போகத்தான் வேண்டும், அந்தக் கொப்புளத்துக்காக. அரசாங்க கிளினிக்கில் 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலான் இழையால் உள்ளங்காலில் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். கணுக்கால், பெருவிரல் எலும்பின் மேல் அதிர்வுக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். பாதத்தின் மேல்பக்கம் நாடி பார்ப்பார்கள். அதோடு, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தச் சோதனை. போகும்போது, "இனிப்பு நீருக்குக் கால் பார்க்க வந்திருக்கிறோம், போன வருடம் தெரியாமல் கொப்புளம் வந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கூட்டத்தில் மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.

இப்போது நெருப்புக்கு வருவோம். உங்கள் மகன் பௌதிகம் என்று சொன்னது சரி. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

தீபாவளிக்கு பிஸ்கட் சுடும்போது அடுப்புப் பெட்டியைத் திறந்து கையை உள்ளே நீட்டுகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்றும் 180 டிகிரி, தகரத் தட்டும் 180 டிகிரி. காற்றில் கை ஒரு நொடி இருந்தால் ஒன்றும் ஆவதில்லை. தட்டு பட்டால் கொப்புளம். சூடு ஒன்றுதான். எவ்வளவு வேகமாக அந்தச் சூடு தோலுக்குள் இறங்குகிறது என்பதுதான் வேறு. மரக்கரி வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். இரும்பு அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகக் கடத்தும். கரி எடையும் குறைவு, அதனால் ஒரு துண்டுக்குள் இருக்கும் மொத்த வெப்பமும் குறைவு. மேலே படிந்த சாம்பல் இன்னொரு தடுப்பு. ரப்பர் கட்டையோ வேறு மரமோ எரிந்து தணலாகி ஏறத்தாழ 500 டிகிரியில் கிடந்தாலும், ஒவ்வொரு பாதமும் அரை நொடி அளவுக்குத்தான் அதில் படுகிறது. ஆறு மீட்டர் குழியில் ஒரு காலுக்கு நாலைந்து அடி. காலில் ஓடும் ரத்தமும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். அடுத்த அடிக்குள் தோல் சற்று ஆறிவிடுகிறது.

இதை முதலில் முறையாகச் சோதித்தது 1935-இல் இங்கிலாந்தில். குடா பக்ஸ் என்ற காஷ்மீர் முஸ்லிம் தணலில் நடந்து காட்ட, லண்டனைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழு ஒன்று அவர் காலை முன்னும் பின்னும் பார்த்து, நெருப்பின் சூட்டையும் அளந்தது. தைலமோ, மருந்தோ, தந்திரமோ இல்லை என்று கண்டார்கள். கரி வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதும் கால் படும் நேரம் குறைவாக இருப்பதும்தான் காரணம் என்ற முடிவுக்கு அந்தச் சோதனைகள் கொண்டுபோயின. எந்தத் தெய்வத்தையும் நம்பாதவர்கள்கூட அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் நடந்துவிட்டார்கள்.

உங்கள் கணவருக்கு ஆபத்து ஏன் என்பதைச் சொல்வதும் இதே பௌதிகம்தான். மேலே சொன்னது அத்தனையும் நிபந்தனையோடு சேர்ந்தது. கால் சட்டென்று தூக்கப்பட வேண்டும். ஒட்டிய தணல் உடனே உதறப்பட வேண்டும். காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்க வேண்டும். உணர்ச்சி உள்ள கால் இவை எல்லாவற்றையும் யோசிக்காமலே செய்யும். விரல் இடுக்கில் ஒரு கரித்துண்டு மாட்டினால் நினைப்பதற்குள் கால் உதறிவிடும். மரத்த கால் உதறாது. துண்டு அங்கேயே இருந்து, நெருப்பைத் தாண்டிக் கால் நனைக்கும் பால்குழி வரைக்கும் கூட வரும். 70 டிகிரி சூடு ஒரு நொடி நீடித்தாலே தோல் ஆழமாக வெந்துவிடும் என்றால், 500 டிகிரித் துண்டு நாலைந்து நொடி ஒட்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். நரம்பு கெட்டவர்களுடைய நடையும் மாறியிருக்கும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடப்பார்கள், விரல்கள் தணலுக்குள் புதையும். போன வருடக் கொப்புளம் வெளிப்பக்க ஓரத்தில், சுண்டு விரலில் வந்ததும் இதோடு பொருந்துகிறது. அப்புறம் புண். ரத்த ஓட்டம் குறைந்த காலில் அது ஆறாது, வலிக்காததால் கவனிக்கவும் மாட்டார். கிருமி ஏறி எலும்பைத் தொட்ட பிறகு விரலை எடுக்க வேண்டிவரும், சில நேரம் காலையே. "இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை" என்பது இரண்டு வருடத்துக்கு முந்திய காலைப் பற்றிய செய்தி. நரம்பு வருடத்துக்கு வருடம் தேயும்.

அப்பாவும் மகனும் எதிரெதிரே நின்று சண்டை போடுவதாகத் தெரிகிறது. எனக்கு இருவரும் ஒரே இடத்தில் நிற்பதாகப் படுகிறது. காரணம் விளங்கிவிட்டால் சாமிக்கு அங்கே வேலையில்லை என்கிறார் மகன். சாமி இருந்தால் காரணம் எதுவும் செல்லாது என்கிறார் அப்பா. விளக்கமுடியாத இடத்தில்தான் தெய்வம் குடியிருக்க வேண்டும் என்று இருவருமே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாரியம்மன் வழிபாட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நம் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வரும்போது கூடவே கொண்டுவந்த தெய்வம் அவள். அன்று அவளை நினைத்ததும் நினைவுக்கு வந்தது பெரியம்மை. ஜென்னர் 1796-இல் பசு அம்மைப் பாலைக் குத்திப் பார்த்துத் தடுப்பூசிக்கு வழி காட்டினார். இந்தியாவில் பெரியம்மை 1975-இல் நின்றது. உலகத்தில் இயல்பாகப் பரவிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில். 1980-இல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. நோய்க்கான காரணமும் தெரிந்தது, நோயும் போனது. கோயில் காலியாகிவிட்டதா? உங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியம்மையை விளக்குவது மட்டும்தான் அவள் வேலை என்றிருந்தால் 1980-க்குப் பிறகு ஒருவரும் கரகம் எடுத்திருக்கமாட்டார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில்: எல்லாம் ஒத்துப்போகாது, ஒத்துப்போகக்கூடியது நிறைய இருக்கிறது. எது எந்தப் பக்கம் என்று பிரிப்பதற்கு, ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்க்க வேண்டும். "அம்மன் என்னோடு இருக்கிறாள்" என்று உங்கள் கணவர் சொன்னால் அதை அளக்க எந்தக் கிளினிக்கிலும் கருவி கிடையாது, யாரும் அளக்க வேண்டியதும் இல்லை. "அம்மன் இருப்பதால் 15 நாள் மாத்திரை இல்லாவிட்டாலும் சர்க்கரை ஏறாது" என்று சொன்னால், அது சர்க்கரையைப் பற்றிய வாக்கியம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் ஐந்து நொடியில் உண்மை தெரிந்துவிடும். கால், சர்க்கரை, சூடு, நாள், அளவு என்று உடம்பைத் தொடும் சொல் வந்துவிட்டால் அது சோதனைக்கு உட்பட்ட பேச்சு. பக்தி உள்ளவர் சொன்னாலும், பக்தி இல்லாதவர் சொன்னாலும்.

பிரார்த்தனையைக்கூட இப்படிச் சோதித்திருக்கிறார்கள். முடிவை மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி, 2006-இல் முடிவு வெளியிட்டார்கள். தமக்காக அந்நியர்கள் பிரார்த்திக்கிறார்களா என்று தெரியாத இரண்டு பிரிவில், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் ஏதாவது சிக்கல் வந்தது. வித்தியாசம் இல்லை. பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59 விழுக்காடு. அந்தக் கூடுதல் தற்செயலாகவும் இருக்கலாம், மனப்பதற்றமாகவும் இருக்கலாம். வேண்டுதலை மருந்துபோல வேளைக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பலன் அளந்தால் பலன் தெரியவில்லை என்பது மட்டும் உறுதி. இதைப் படித்துவிட்டு வேண்டுவதை நிறுத்தச் சொல்லமாட்டேன். மாத்திரைக்குப் பதிலாக வேண்டுதலை வைக்காதீர்கள் என்று கட்டாயம் சொல்வேன்.

மாத்திரைப் பக்கம் உள்ள சான்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த பெரிய ஆய்வில், எச்பிஏ1சி ஒரு விழுக்காடு குறைந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் சிறு ரத்தக் குழாய்கள் கெடுவது 37 விழுக்காடு குறைவாக இருந்தது.

உங்கள் கணவர் காதில் இன்னொன்றும் போடலாம், அவர் கேட்பார் என்று நினைக்கிறேன். கணிதமேதை ராமானுஜன் நாமக்கல் நாமகிரித் தாயார்தான் தனக்குச் சூத்திரங்களைக் காட்டுகிறாள் என்று நம்பியவர். 1913-இல் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் அனுப்பிய சூத்திரங்களில் பல, உலகம் பார்த்திராதவை. பகா எண்களைப் பற்றி எழுதியவற்றில் சில தவறாக இருந்தன. தாயார் தந்தாள் என்பதற்காக ஹார்டி அவற்றை ஏற்கவும் இல்லை, தாயார் பெயர் வந்ததற்காக மற்றவற்றைத் தள்ளவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நிரூபணம் கேட்டார். ராமானுஜன் நிரூபணம் எழுதக் கற்றுக்கொண்டார், தாயாரையும் விடவில்லை.

ஒத்துப்போகாத பகுதியையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா நேரத்தில் இனிப்பு நீரை ஒரு மண்டலத்தில் தீர்க்கும் என்று மந்திரித்த தண்ணீர், பொடி, தாயத்து விற்பவர்கள் வருவார்கள். அதை நம்பிக்கை என்ற பெயரில் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. தெய்வத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ரத்தத்தைப் பற்றிச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. அதை நம்பி இன்சுலினை நிறுத்தியவர் நினைவு தப்பி ஆம்புலன்சில் ஏறுகிற அளவுக்குப் போகலாம். இந்த இடத்தில் சமரசம் வேண்டாம்.

உங்கள் மகளின் டிங்கிக்குத் திரும்புவோம், நேர்த்தி அங்கேதான் பிறந்தது. டிங்கிக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். எவ்வளவு கசிகிறது என்று மணிக்கணக்கில் ரத்தத்தின் அடர்த்தியைப் பார்த்து, சொட்டு நீரை அதற்கேற்ப ஏற்றி இறக்குவதுதான் சிகிச்சை. குறைத்தால் அதிர்ச்சி நிலை, கூட்டினால் நுரையீரலில் நீர். தாதியும் டாக்டரும் இரவெல்லாம் கண் விழித்துச் செய்தது அந்த வேலை. கதவுக்கு வெளியே நின்ற தகப்பனுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. தன்னிடம் இருந்தது தன் உடம்பு ஒன்றுதான், அதைக் கொடுக்கிறேன் என்று சொன்னார். மகனுக்கு இது விளங்கினால், "சாமி இல்லை" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்வது எந்த இடத்தில் போய்க் குத்துகிறது என்பதும் விளங்கும்.

மகனுக்கு ஆய்வு வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரில் ஜூன் மாத நள்ளிரவில் தணல் மிதிக்கும் வழக்கம் உண்டு. நடப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இருதயத் துடிப்பை அளக்கும் கருவி கட்டிப் பார்த்தார்கள், 2011-இல் முடிவு வெளிவந்தது. நடப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய அதே போக்கில், கரையில் அசையாமல் நின்ற உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. உறவில்லாத வேடிக்கைக்காரர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மொரிஷியஸில் தமிழர்களின் தைப்பூசக் காவடியை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வந்தது. அலகு குத்தியதால் உடம்புக்கு நீடித்த கேடு அளவில் தெரியவில்லை, மனநலம் கூடியிருந்தது. நோய்நொடியும் சிரமமும் அதிகம் உள்ளவர்களே கூடுதல் வலியை ஏற்றார்கள், அவர்களுக்கே பலனும் கூடுதல். ஆக, நேர்த்திக்கடன் வெறும் பௌதிகம் என்று முடித்துவிடுவதும் சான்றோடு பொருந்தாத பேச்சு. அந்த ஆய்வு மரத்த காலுக்கு அனுமதிச் சீட்டு இல்லை என்பதையும் அப்பா மறக்கக்கூடாது.

விரதத்துக்கு வருகிறேன். விரதம் இருக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நோன்பு மாதத்தில் மலாய் நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுத்துப் பழகிய கிளினிக்குகள் நம்முடையவை. "காப்பு கட்டி 15 நாள், ஒரு வேளைதான் சாப்பாடு" என்று சொன்னால் அதே மாதிரி மாற்றித் தருவார்கள். மாத்திரை உறையில் என்ன பெயர் என்று பாருங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்கும் பயம் குறைவு. கிளிக்லசைட் இருந்தால், சாப்பிடாமல் அதைப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போவது ஆபத்து. சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். அதனால் நேரத்தையும் அளவையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. விரல் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் விரதம் கெடாது. 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனாலும், 16.6-க்கு மேலே போனாலும் அன்றைய விரதத்தை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். இறங்கியிருந்தால் அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மற்ற நேரத்தில் பிரசாதப் பானகமும் சர்க்கரைப் பொங்கலும் சர்க்கரையை ஏற்றிவிடும். ஒரு வாய் போதும், தொன்னை நிறைய வேண்டாம்.

கால் சோதனையில் உணர்ச்சி குறைவு என்று வந்தால், இந்த வருடம் அவர் நெருப்பில் இறங்கக்கூடாது. இதில் "கொஞ்சம் பார்த்து நடக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. நேர்த்தி என்ன ஆகும் என்பார். நம் வழக்கத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. உடம்பு முடியாதவர் வேண்டுதலை மாற்றிச் செலுத்துவது எல்லா ஊரிலும் உண்டு: பால்குடம், முடி காணிக்கை, கூழ் வார்ப்பது, தீமிதிப்பவர்களுக்குப் பால்குழியில் பால் ஊற்றுவது. பூசாரியிடம் நீங்கள் இரண்டு பேரும் போய், கிளினிக் சீட்டைக் காட்டிப் பேசுங்கள். பெரும்பாலும் பூசாரியே முதலில் வேண்டாம் என்பார், அவர் எத்தனை கால்களைப் பார்த்திருப்பார்! எந்த நேர்த்தியாக மாற்றுவது என்பதற்கு அம்மனிடம் பூப்போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் பாருங்கள். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பதற்குப் பூப்போட வேண்டாம், அதற்கு நைலான் இழை இருக்கிறது. அப்பாவுக்குப் பதிலாக மகனை இறங்கச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. நம்பாதவரை நெருப்பில் தள்ளினால் பயத்தில் ஓடுவார், ஓடும் கால்தான் தணலில் புதையும்.

கோயில் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. கட்டை முழுக்க எரிந்து சுவாலை அடங்கித் தணலான பிறகுதான் பரப்ப வேண்டும். பழைய பலகை, ஆணி அடித்த சட்டம், பெயிண்ட் பூசிய மரம் போடக்கூடாது. ஓர் ஆணி போதும், கரிக்குச் சொன்ன கணக்கு இரும்புக்குச் செல்லாது. கடைசி நேரத்தில் புதுக் கட்டை சேர்க்கக்கூடாது. ஈரக்காலில் தணல் ஒட்டும் என்பதால் குழியில் இறங்கும் முன் காலைத் துடைத்துக்கொள்வது நல்லது. ஓடாமல், நிற்காமல், சாதாரண நடையில் நடக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களைப் பெயர் பதியும்போதே கேட்டு, கால் பார்த்த சீட்டு இருக்கிறதா என்று விசாரிக்கலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இனவாரியாக இந்தியர்களான நம்மவர்களுக்குத்தான் அதிகம். வரிசையில் உங்கள் கணவர் ஒருவர் மட்டும் இருக்கமாட்டார்.

யாருக்காவது சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடிக்க வேண்டும். ஐஸ், பற்பசை, மஞ்சள், திருநீறு எதுவும் புண்ணில் படக்கூடாது. திருநீற்றை நெற்றியில் பூசுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் இலேசாக மூடி, அன்றே கிளினிக்கில் காட்டி, இசிவு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்ட காலத்தையும் சொல்ல வேண்டும். இனிப்பு நீர்க்காரருக்கு வலிக்கவில்லை என்பது நல்ல செய்தி இல்லை. அவர் காலை அடுத்த ஒரு வாரம் தினமும் நீங்களே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

வீட்டுச் சண்டைக்கு ஒரு யோசனை. அந்த ஆறு விரல் சோதனையை மகன் கையால் செய்யச் சொல்லுங்கள். அப்பா கண்ணை மூடிப் படுத்திருக்க, மகன் தொட்டு, தெரிந்ததையும் தெரியாததையும் ஒரு தாளில் எழுதட்டும். சாமி உண்டா இல்லையா என்ற பேச்சை அந்த அரை மணி நேரம் இருவரும் எடுக்கக்கூடாது. கிளினிக்குக்கும் அவரே கூட்டிக்கொண்டு போகட்டும்.

மகளைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. இத்தனை பேச்சும் தன்னால்தான் என்று அவள் மனதில் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். நேர்த்தி முடியாவிட்டால் உனக்கு ஆகாது என்ற பேச்சு அவள் காதில் விழவே கூடாது, இதை உங்கள் கணவரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். அவளுக்கு விருப்பம் இருந்தால் பால்குடத்தை அப்பாவோடு சேர்ந்து எடுக்கட்டும். அப்படி எடுத்தால், ஊர்வலம் போகும் தார்ச்சாலை வெயில் ஏறிய பிறகு மரத்த காலைச் சுட்டுவிடும். காலை ஒன்பது மணிக்குள் முடிகிற நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெறுங்காலோடு போகாமல் அவர் தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளக் கோயில் தலைவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். வெள்ளைக் காலுறையாக இருக்கட்டும், கறை பட்டால் உடனே தெரியும்.